எமர்ஜென்ஸி மோடில் ஒரு மாமன்னன்

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களை இயந்திரங்களின் அருகே விடக்கூடாது. மனிதர்களை வாதத்தால் வெல்லலாம். வாதத்தால் முடியாவிட்டால் களைப்பூட்டியாவது வெல்லலாம். இயந்திரம் களைப்படையாது. அதற்குக் கைதட்டத் தெரியாது, வெட்கப்படத் தெரியாது, "நீங்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது" என்று நடுவரைப் போல இழுக்கவும் தெரியாது. எழுதிக் கொடுத்ததை எழுதியபடி செய்யும். எனக்கு வாய்த்த எதிர்த்தரப்புகளிலேயே நேர்மையானது, புனே நகரத்து ஹடப்சரில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கணினிதான். அது ஒரு சொல்கூடப் பேசாமல் என்னை வென்றது.

திருநெல்வேலியில் கல்லூரி படித்த காலத்தில் நான் ஏறாத மேடை இல்லை. "பெண்ணுரிமை" என்றாலும் பேசுவேன், "பிளாஸ்டிக்" என்றாலும் பேசுவேன். தலைப்பைச் சீட்டில் எடுத்துப் பிரிப்பதற்குள் முதல் வாக்கியம் நாக்கில் வந்து நின்றுவிடும். நடுவர் மணி அடித்த பிறகுதான் என் பேச்சு சூடு பிடிக்கும். (மணி அடித்தவர் கை வலித்துப்போய் உட்கார்ந்த கதையும் உண்டு.) அப்படிப்பட்ட நான் வேலை கிடைத்துப் புனேக்கு வந்து, அக்கா வீட்டில் தங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, என் நாக்குக்கு இந்த ஊரில் வேலையே இல்லை என்று. மராத்தி தெரியாது, இந்தியோ இருந்தும் இல்லாத நிலை. ஆயிரம் பேர் நடுவே சங்கநாதம் செய்தவள், ஆட்டோக்காரரிடம் "பையா, கித்னா?" என்று இரண்டு சொல்லோடு நின்றுவிட வேண்டியதாயிற்று. அவர் பதில் சொன்னால் அதற்குமேல் எனக்கு வாதம் இல்லை.

என் அக்கா கோமதி இதற்கு நேர்மாறு. ஓர் ஐடி அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவள். பேச்சு குறைவு, பேசினால் அது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கும். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் சொல்லிக்கொடுப்பது. அவள் மகள் மித்ரா உட்பட அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அம்மா தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிறவர்கள். பள்ளிக்கூடத்தில் மராத்தி, லிஃப்டில் ஆங்கிலம், தமிழுக்கு ஓரிடமும் இல்லை. அந்த ஓரிடத்தைத்தான் அக்கா கிளப் ஹவுஸில் உண்டாக்கியிருந்தாள்.

அதற்கு வந்தது ஆபத்து. அதே ஞாயிறு காலையைச் சிரிப்பு கிளப் கேட்டது. புனேயில் இது பெரிய காரியம். பெரியவர்கள் கூடிக் கைகளை வானத்துக்குத் தூக்கி, மூச்சை இழுத்து, காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். எங்கள் குடியிருப்பின் சிரிப்புப் படைக்குத் தலைவி பாட்டீல் காகூ. குடியிருப்பின் சேர்மனோ பாட்டீல் காக்கா. மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா, காகூ என்றால் அவர் மனைவி; ஆக இருவரும் ஒரே வீடு. வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று அறிய வக்கீல் வேண்டியதில்லை. ஆனாலும் காக்கா நியாயஸ்தர். ஆண்டு விழாவில் பிள்ளைகள் தமிழில் ஒரு நாடகம் போடட்டும், உண்மையிலேயே அவர்கள் பேசக் கற்றிருந்தால் ஞாயிறு தமிழுக்கே, இல்லாவிட்டால் சிரிப்புக்கு என்று தீர்ப்பை நாடகத்தின் தலையில் கட்டிவிட்டார்.

நாடகத்தை எழுதியது நான்.

"நீதி காத்த நெடுஞ்சுடர் மாறன்" என்பது அதன் பெயர். ஒரு கிணறு, அதற்கு உரிமை கோரும் இரண்டு ஊர்கள், நடுவில் நீதி வழங்கும் மாமன்னன். இரண்டு வரியில் முடியவேண்டிய கதையை நான் இருபது பக்கத்துக்கு நீட்டினேன். "வெஞ்சினம் கொண்ட வேங்கையென வீறுகொண்டெழுந்தேன்" என்பதுதான் அதிலேயே மிக எளிய வாக்கியம். முதல் ஒத்திகையில் அதைப் படித்துவிட்டு மித்ரா கேட்டாள்:

"சித்தி, இதுல எந்த வேர்டு தமிழ்?"

பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. தடுமாறித் தடுமாறிப் பேசுவார்கள், ஆனால் படிக்க வராது. தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம். எனவே அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவரும் ஒரு காரியத்தைச் செய்தோம். வசனம் முழுவதையும் அவர்கள் பள்ளியில் படிக்கும் தேவநாகரி எழுத்தில் எழுதி, பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால், மண்டபத்தின் கடைசிச் சுவரில் ஒரு பெரிய திரையில் காட்டுவது. பிள்ளைகள் மேடையிலிருந்து நேராகப் பார்த்து முழங்குவது. சபைக்குத் திரை தெரியாது. பார்ப்பவர்களுக்குப் பிள்ளைகள் தொலைநோக்கோடு பேசுவதுபோல் இருக்கும். அக்காவுக்கு இது பிடிக்கவில்லைதான். "சின்ன வசனமா எழுதுட்டி, மனப்பாடம் பண்ணிருவாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். வேங்கையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு நான் கொடுத்த மேடைப் பயிற்சியின் சாரம் ஒன்றே ஒன்று: "திரையில் என்ன வருகிறதோ அதை நெஞ்சை நிமிர்த்தி முழங்கு. எது நடந்தாலும் நிறுத்தாதே." (இந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.)

இனி கணினி. கிளப் ஹவுஸில் இருந்த பழைய பெட்டியில் அக்கா லினக்ஸ் போட்டுவைத்திருந்தாள். யூனிக்ஸ் வழிவந்த இத்தகைய இயங்குதளங்களில் டிஸ்க் எனும் வட்டைச் செருகினால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில், என்ன நிபந்தனைகளோடு வந்து அமரவேண்டும் என்று சொல்லவேண்டும். அப்படி அமர்த்துவதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். கணினி ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் தானாக அமர்த்திக்கொள்ள வேண்டுமென்றால், அதற்கென்றே உள்ள ஒரு கோப்பில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். எந்த வட்டு, எந்த இடம், எந்த வகை, அப்புறம் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நிபந்தனைகள். நாடக வசனம் ஒரு வெளி வட்டில் இருந்தது. கணினியை யார் முடுக்கினாலும் வசனம் தானாகத் திரைக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. அக்கா மன்னனுக்கு அங்கி தைத்துக்கொண்டிருந்ததால், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பெட்டியில் அந்த ஒரு வரியை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஒரு வரி! ஆனால் என்ன வரி! அந்த நிபந்தனைகளைப் படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. இவை கட்டளைகள் அல்ல, கொள்கைகள் என்று தோன்றியது. "படிக்க மட்டும்" என்றொரு நிபந்தனை: எழுதிய சொல்லை எவரும் மாற்றலாகாது! எழுதினேன். "இதிலிருந்து எந்த நிரலும் ஓடக்கூடாது" என்று ஒன்று: வஞ்சகருக்கு வாசல் அடைப்பு! எழுதினேன். கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காதே என்று ஒன்று. நேரம் பார்க்காமல் பேசிய என் வாழ்க்கைக்கே அங்கீகாரம் கிடைத்ததுபோல் இருந்தது. கண் கலங்க அதையும் எழுதினேன்.

அப்போதுதான் அக்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஏட்டி, கூடவே நோஃபெயில்னு ஒண்ணு சேத்துரு."

"எதுக்குக்கா?"

"டிஸ்க்கச் செருகாம யாராவது மிஷின ஆன் பண்ணிட்டாங்கன்னு வையி. நோஃபெயில் இருந்தா, சரி இல்ல போலன்னு அது பாட்டுக்கு மேல போயிரும். இல்லன்னா டிஸ்க்கு வந்தாத்தான் ஆச்சுன்னு அங்கனயே உக்காந்துக்கிடும்."

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் "சரிக்கா" என்று சொல்லி அந்தச் சொல்லைச் சேர்த்திருப்பார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பல மாதங்களாக வேலையில்லாமல் கிடந்த நாக்கு அல்லவா!

"அக்கா! வந்தால் வா, வராவிட்டால் போ என்பதற்குப் பெயர் கொள்கையா? காத்திருக்கத் தெரியாதவனுக்குக் கடமை எதற்கு? தோல்வியை எதிர்பார்த்து எழுதும் கை வெற்றியை எப்படி எழுதும்? இல்லாமைக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட்டால், நாளை இருப்புக்கு என்ன மரியாதை?"

வலக்கை தானாக உயர்ந்தது. சமையலறையிலிருந்து அத்தான் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். எந்தக் கட்சி கடைசியாகப் பேசுகிறதோ அந்தக் கட்சி.

"நல்ல பாயிண்ட்டு" என்று கரண்டியைத் தட்டினார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. "ஏட்டி, இது பட்டிமன்றம் இல்ல, டிஸ்க்கு. அதுக்குக் காது கெடையாது."

"காது இல்லாவிட்டால் என்ன? கடமை இருக்கிறது!"

"சரித்தா. ஒங்கிட்ட பேசி யாரு ஜெயிக்க. எனக்கு அங்கி தைக்கணும்."

வென்றேன். அந்த வெற்றியை மித்ரா சோபாவில் அவல் சிவ்டா கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டைச் செருகி, கணினியை ஒருமுறை அணைத்து முடுக்கிப் பார்த்தேன். வசனம் அழகாகத் திரையில் மலர்ந்தது. வட்டு இல்லாமல் முடுக்கிப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வராத மேடையில் பரிசுக் கோப்பை வாங்குவதில் எனக்கு முன்னனுபவம் உண்டு.

ஆண்டு விழா மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பாட்டீல் காக்கா, அருகே பாட்டீல் காகூ, அவர்களுக்குப் பின்னே சிரிப்பு கிளப் முழுவதும், சிரிக்காமல். அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இது போச்சுன்னா வேற எங்கயும் எடம் இல்லட்டி" என்று மட்டும் சொன்னாள். "நான் இருக்கிறேன்" என்றேன். (அதுதான் பிரச்சினை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.)

கணினியை முடுக்கினேன், வசனம் வந்தது. வட்டின் ஒயர் நடைபாதையில் கிடப்பதைப் பார்த்தேன். சிரிப்பு கிளப்பின் முதியவர் யாராவது தடுக்கி விழுந்தால் பழி தமிழுக்கு வரும். கோப்பு ஏற்கெனவே கணினியின் நினைவில் ஏறிவிட்டது. "படிக்க மட்டும்" என்று நானே எழுதியிருப்பதால் வட்டைப் பிடுங்கினாலும் சேதம் இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே ஓர் அரிய வாதத்தை எடுத்துவைத்து, நானே அதில் வென்று, வட்டை உருவிக் கைப்பையில் போட்டேன். வரவேற்புரை ஆற்றக் கைப்பையோடு மேடை ஏறுவது அழகல்ல என்பதால் பையை அத்தானிடம் கொடுத்தேன். அத்தான் பிள்ளைகளுக்கு வடா பாவ் வாங்கிவர ஸ்கூட்டரில் புறப்பட்டார். பை அவர் தோளில்.

நாடகம் தொடங்கியது. மாமன்னனாக நின்றவன் ஜோயல். புனேயின் கேம்ப் பகுதியில் பல தலைமுறையாக வாழ்ந்துவிட்டு எங்கள் குடியிருப்புக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். குரல் மட்டும் வெண்கலம். மித்ரா அமைச்சர், ஒட்டிய தாடியோடு. "வெஞ்சினம் கொண்ட வேங்கையென" என்று ஜோயல் கடைசிச் சுவரைப் பார்த்து முழங்கியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பாட்டீல் காக்கா மெல்லத் தலையசைத்தார். அக்காவின் விரலில் சுற்றியிருந்த தலைப்பு அவிழ்ந்தது. ஞாயிறு எங்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது.

கரண்ட் போனது.

"லைட் கேலி!" (கரண்ட் போச்சு!) என்று மண்டபம் முழுவதும் ஒரே குரலில் அறிவித்தது, இருட்டு தங்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி என்பதுபோல. சற்று நேரத்தில் ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் வந்தன, மைக் வந்தது. கணினியும் தானாக விழித்தெழுந்தது. எழுந்தவுடன் நான் எழுதிய வரியைப் படித்தது. வட்டைத் தேடியது. காணவில்லை. வட்டோ சோலாப்பூர் சாலையில் வடா பாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இங்குமங்கும் ஓட, ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. மேடையில் ஜோயல் பாதி வாக்கியத்தில் நின்றான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தினான். வாளை உருவினான்.

"எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்!"

சபையில் ஒரு சலசலப்பு. தமிழறியாதவர்கள் இதுவும் தமிழ் என்று நினைத்தார்கள். தமிழறிந்தவர்கள் இது ஏதோ நவீன நாடகம் என்று நினைத்தார்கள். இரண்டு தரப்பும் கைதட்டியது.

வட்டு வருமா என்று கணினி ஒன்றரை நிமிடம் காத்துப் பார்க்கும். அதன் இயல்பு அது. அந்த ஒன்றரை நிமிடமும் திரையில் ஓடும் விநாடிகளை மாமன்னன் ஒன்று விடாமல் நாட்டு மக்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தான். நான் அத்தானுக்குப் போன் போட்டேன்.

"அத்தான்! டிஸ்க்கு! டிஸ்க்கு!"

"என்னது? பிஸ்கட்டா? வடா பாவ் போதும்னுல்லா சொன்னாங்க?"

"என் பையில டிஸ்க்கு இருக்கு அத்தான், உடனே வாங்க!"

"எண்ணெயில இப்பதான் வடா போட்டிருக்கான். அத வாங்கிட்டு வாரேன்."

காத்திருக்கும் காலம் முடிந்தது. கணினி நம்பிக்கை இழந்தது. திரை மாறியது. மாமன்னன் வலக்கையை உயர்த்தினான். நான் சொல்லிக்கொடுத்த அதே கை, அதே கோணம்.

"யூ ஆர் இன் எமர்ஜென்ஸி மோட்!"

பாட்டீல் காக்கா திடுக்கிட்டு எழுந்தார். பின்வரிசையில் ஒருவர் வெளியேறும் வழியைத் தேடினார். ஜோயல் நிறுத்தவில்லை. எது நடந்தாலும் நிறுத்தாதே!

"கேனாட் ஓப்பன் ஆக்ஸஸ் டு கன்ஸோல்! தி ரூட் அக்கவுண்ட் இஸ் லாக்ட்!"

காக்கா மன்னனின் பார்வை போன திசையில் மெல்லத் திரும்பினார். மண்டபமே திரும்பியது. கடைசிச் சுவரில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், மன்னன் முழங்கிய அதே வாசகம்.

"ஹீ முலங் வாச்தாயத்!" என்றார் காக்கா. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பொருள். அதைச் சொன்ன குரலில் கோபம்கூட இல்லை, ஏமாற்றம் இருந்தது. அது இன்னும் மோசம். காகூ தன் கிளப்பைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஞாயிற்றுக்கிழமை கைமாறியது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அக்கா என் பக்கம்கூடத் திரும்பவில்லை. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக் கணினியின் முன் உட்கார்ந்தாள்.

நான் ஓர் உரை ஆற்றி நிலைமையைச் சரிசெய்யலாம் என்று முடிவு செய்தேன். (ஆம். அப்போதும்.) மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த அவையோரே, தடைக்கற்கள் என்பவை" என்று தொடங்கினேன். அவ்வளவுதான் முடிந்தது.

"சித்தி!"

அமைச்சர் தாடியைக் கழற்றிவிட்டார். மித்ராவுக்கு முகம் சிவந்திருந்தது. அம்மா பட்ட பாடெல்லாம் கண்ணெதிரே போகிறது என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

"பேசாத சித்தி! அம்மா அப்பவே சொன்னால்லா? நோஃபெயில் போடு, நோஃபெயில் போடுன்னு! நீ ஐக்தச் நாஹீ!" கேட்பதே இல்லை என்று மராத்தியில் முடித்தாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள். "எங்க சித்தி எப்டிப் பேசுவா தெரியுமா?"

எனக்கு மேடை பயம் என்றால் என்னவென்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

அவள் ஜோயலைச் சிம்மாசனத்தை நோக்கித் தள்ளினாள். "ராஜா, நீ இப்ப அப்பா. உக்காந்து கைதட்டு, பஸ், அவ்ளோதான்." பேரரசன் ஒரு சொல்லில் அத்தானாகப் பதவியிறங்கினான். அவள் முந்தானை இருப்பதுபோல் இல்லாத ஒன்றை உதறினாள்; மோவாயை உயர்த்தினாள்; கண்ணைப் பாதி மூடினாள்; வலக்கை எழுந்தது.

"அக்கா! வந்தால் வா! வராட்டா போ! இது கொள்கையா?"

பல்லில் ஊசி இருப்பதுபோல் வாயை இறுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இது பட்டிமன்றம் இல்ல, டிஸ்க்கு. அதுக்குக் காது கெடையாது."

மறுபடி கை எழுந்தது. "காது இல்லாட்டா என்ன? கடமை இருக்குது!"

"நல்ல பாயிண்ட்டு!" என்றான் ஜோயல், சிம்மாசனத்தைத் தட்டி.

தமிழ்க் குடும்பங்கள் இருந்த பகுதியிலிருந்து எழுந்த சிரிப்பு, ஜெனரேட்டர் சத்தத்தை விழுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு அவர்கள் மூச்சுவாங்க மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்ப்பு தேவையே இல்லை. மைக்கைப் பிடித்தபடி, கை பாதி உயர்ந்த நிலையில் மூல நூல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது; நகல் அதன் அருகே ஆடிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிக்க எந்த மொழியும் வேண்டியதில்லை.

மித்ரா ஓய்ந்ததும் ஜோயல் எழுந்தான். சும்மா கைதட்டும் அரசனாக இருப்பதில் அவனுக்கு இஷ்டமில்லை.

"எங்க வீட்ல டிஃபன் டப்பா சண்ட. மம்மி சொல்வாங்க, 'ஏன்டா பாவக்கா அப்டியே திரும்பி வந்துருக்கு? ஒங்க டாடி மாதிரி நைஸா ஃப்ரெண்டுக்குக் குடுக்கவாவது தெரியுதா ஒனக்கு?'"

"டேய் ஜோயல்!" என்று மூன்றாம் வரிசையில் ஒரு தந்தை கத்தினார்.

அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. வேங்கையின் வெஞ்சினத்தை உச்சரிக்கத் தடுமாறிய பிள்ளைகள், வீட்டுச் சண்டைகளை ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்திக் காட்டினார்கள். ஒரு வீட்டில் ரிமோட் சண்டை. ஒரு வீட்டில் மாமியார் போன் வந்தால் யார் எடுப்பது என்ற சண்டை. மதுரைத் தமிழ், கோயம்புத்தூர்த் தமிழ், நாகர்கோவில் தமிழ் என்று அந்தந்த வீட்டுத் தமிழ், அந்தந்த வீட்டு உப்போடு வந்தது. பெற்றோர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். புனேத் தமிழர்களின் குடும்ப ரகசியம் என்று எதுவும் அன்று மிச்சமில்லை. இந்தியில் பதில் சொன்ன காலமெல்லாம் இந்தப் பிள்ளைகள் தமிழைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

நான் பாட்டீல் காகூவைப் பார்த்தேன். எப்போதும் கைகளை வானத்துக்குத் தூக்கி முறைப்படி சிரிப்பவர், இப்போது கைகளை வயிற்றில் அழுத்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, சத்தமே வராமல் குலுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கிளப் முழுவதும் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அக்கா, கணினிக்குள் பூட்டிய வாசல் வழியாக அல்லாமல் பூட் மெனு என்னும் துவக்கப் பட்டியல் வழியாக நுழைந்து, என் வரியைத் திறந்து, ஒரு காற்புள்ளியும் ஒரு சொல்லும் சேர்த்துவிட்டாள். கணினி ஒரு குறையும் சொல்லாமல் எழுந்தது. மூச்சிரைக்க வந்த அத்தானிடமிருந்து வட்டை வாங்கிச் செருகினாள். கடைசிச் சுவரில் தேவநாகரியில் வேங்கை வீறுகொண்டெழுந்தது. மேடையில் ஒரு பிள்ளைகூட அதைப் பார்க்கவில்லை.

"தே பந்த் கரா" என்றார் பாட்டீல் காகூ, திரையைக் காட்டி. அணைத்துவிடச் சொன்னார். பிறகு கணவரின் தோளைத் தட்டினார். "ஹே பாட் கேலேலங் நாஹீயே!"

இது மனப்பாடம் செய்தது இல்லை. அவர் சொன்னது அவ்வளவுதான். சேர்மன் மனைவியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். ஞாயிறு தமிழுக்கு என்று அறிவித்தார். சிரிப்பு கிளப் சனிக்கிழமைக்கு மாறிக்கொண்டது. அக்கா கீபோர்டின் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் கோபமா?"

"எனக்கு என்ன கோபம்? அவள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம்."

சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வகுப்பு நடக்கிறது. ஆண்டு விழாவில் திரை இல்லை, வேங்கையும் இல்லை. பிள்ளைகளே பேசிப் பேசி நாடகம் கட்டுகிறார்கள். கதை எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு காட்சி மட்டும் கட்டாயம் வந்துவிடும். அதற்கு "சித்தி சீன்" என்று பெயர். சிரிப்பு கிளப்பார் அதற்காகவே முன்வரிசையில் இடம் பிடிக்கிறார்கள். மன்னர் வேடத்தைவிடச் சித்தி வேடத்துக்குத்தான் போட்டி அதிகம். வீட்டிலும் நிலைமை இதுதான். நான் எதற்காகவாவது எழுந்து நின்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அத்தான் ஓடிப்போய் வீட்டுக் கணினியில் டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்.

மித்ரா வளர்ந்துவிட்டதால் இந்த ஆண்டு அந்த வேடம் புனேயின் ஔந்த் பகுதியிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு சிறுமிக்குப் போயிற்று. ஒத்திகை நடந்த அறையை நான் தற்செயலாகத்தான் கடந்துபோனேன். அவள் கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. குரலில் மன்னிப்புக் கேட்கும் சாயல். என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய், மோவாயை நிமிர்த்தி, எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே கண்ணை மூடவேண்டும் என்றெல்லாம் காட்டிக்கொடுத்தேன். அறையின் மூலையில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுமி அத்தனையையும் கவனித்துக் கேட்டுவிட்டு, நம்ப முடியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, அந்தச் சித்தி சச்முச், நெஜமாவே இப்டித்தான் பேசுவாங்களா?"

"இதைவிட மோசம்" என்றேன்.

அவள் கை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.